மழையில் மிதந்து வந்த போத்தல்கள்

2024 நவம்பர் 18, திங்கள்

மீள்சுழற்சிச் சங்கக் கொட்டிலில் இன்று வட்டுக்கோட்டைத் தோட்டங்களின் பூச்சிமருந்துப் போத்தல்கள். கூட வேலைசெய்யும் ஜெசிதாவும் நானும் கையுறை, முகமூடியோடு பின்னேரம்வரை கழுவினோம். மூன்றுதரம் அலசி, அடியில் ஓட்டை போட்டு இயந்திரத்துக்குக் கொடுத்தால் துண்டு துண்டாகக் கொட்டுகிறது. பிறகு எங்கேயோ குழாயாகிறதாம். கழுவிய தண்ணீரை மட்டும் மண்ணில் விடக்கூடாது. அதற்கு மூடிய தொட்டி.

ஒரு போத்தலைத் திறந்ததும் முகமூடிக்குள்ளும் வந்தது, சின்ன வயதில் எங்கள் ஐயா வெங்காயத்துக்கு மருந்தடித்துவிட்டு வந்து நிற்கும் மணம். கெட்ட மணம்தான். ஆனாலும் சட்டென்று கவிழ்க்க மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணையிடம் மறுபடி கேட்டேன், தோட்டத்துப் பாழ்கிணற்றுக்குள் இத்தனை வருடமாக எறிந்த போத்தல்களை எடுப்போமா என்று.

"என்ரை போத்தல் என்ரை வளவுக்கை கிடக்கட்டும். உனக்கேன் பிள்ளை உந்தக் கரைச்சல்?"

நவம்பர் 25

மழை. மழை. கொட்டில் பூட்டு.

நவம்பர் 29, வெள்ளி

விடியவே அண்ணையின் மனுசி மகாதேவி மச்சாள் கத்திய சத்தம். ஓடிப்போனால், பாழ்கிணறு வழிகிறது. மேலெல்லாம் போத்தல்கள் - வெள்ளை, பச்சை, நீலம் - விளிம்புவரை மிதந்துகொண்டு. கொஞ்சம் வெள்ளத்தோடு இறங்கி வீட்டுக்கிணற்றுப் பக்கம் போய்விட்டன.

பண்டத்தரிப்பில் எங்கள் ஒழுங்கைக்கு நல்ல தண்ணீர் அந்த வீட்டுக்கிணறு ஒன்றுதான். மற்றதெல்லாம் உவர். ஒழுங்கையின் அத்தனை வீடும் அதைத்தான் குடிக்கிறது.

அண்ணை கையில் குடையோடு நின்றார். விரிக்கவில்லை.

நான் வாயை அடக்கியிருக்கலாம். ஏலவில்லை. "ஊருக்கு நஞ்சைக் குடுத்துப்போட்டு நிக்கிறியள் அண்ணை!"

குடையைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனார். சரியாத்தானே சொன்னனான்? பிறகேன் எனக்கு அழுகை வருது?

டிசம்பர் 1, ஞாயிறு

அண்ணை கதைக்கவில்லை. சாப்பாட்டை மச்சாள்தான் அங்கேயும் இங்கேயும் கொண்டுபோகிறா.

அந்தப் பாழ்கிணற்றில்தான் நான் நீந்தப் பழகினேன். எனக்கு எட்டு வயது, அண்ணைக்குப் பதினைந்து. அப்போது அது துலாக்கிணறு; மார்கழியில் குனிந்தால் கை நனையும். மருந்து முடிந்த பிளாஸ்டிக் கான் ஒன்றை என் முதுகில் கட்டி, "குதி, நான் நிக்கிறன்" என்றார். குதித்தேன். கான் என்னைத் தாழவிடவில்லை. ஐயா கிணற்றுக்கட்டில் நின்று சிரித்தார். மூக்கெல்லாம் தண்ணீர், தலைக்குமேல் வாதராணிப் பூ விழுந்துகொண்டிருந்தது.

அந்தக் கானுக்குள் முன்னம் என்ன இருந்தது என்று ஆர் யோசித்தது? இன்று ஒருவர் பிள்ளைக்கு அப்படிக் கட்டினால் சண்டைக்குப் போவேன். ஆனால் அந்த மத்தியானத்தைத் திருப்பித் தந்தால் - வேண்டாம் என்பேனா?

டிசம்பர் 4, புதன்

குருநகரிலிருந்து ஜெசிதா, தம்பி லியோனைக் கூட்டிக்கொண்டு, பழைய மீன்வலைத் துண்டொன்றோடு வந்தாள். "அக்கா, உது இறால் பட்ட வலை. இண்டைக்குப் போத்தல் படட்டும்."

லியோன் ஒரு தலைப்பைப் பிடித்தான். மற்றதைப் பிடித்த எனக்குப் பாரம் தாங்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கை வந்து வாங்கியது. அண்ணை. கையுறைகூடப் போட்டிருந்தார்!

பின்னேரம் நிலத்தில் படங்கு விரித்து அதில் குவித்தோம். லேபல் ஒன்றிலும் இல்லை. அண்ணை சாயலை வைத்தே சொன்னார். "உது சண்டைக்கு இடம்பெயர்ந்து போய், தென்மராட்சியாலை திரும்பி வந்து நட்ட முதல் வெங்காயம். காணியெல்லாம் பத்தை, விதை இரவல்... உந்தப் பச்சை, டினேஸ் பிறந்த வருஷம். பீற்றூட் முழுக்க அழுகினது."

"மகன்ரை பிறந்த நாளை மறப்பியள், உதுகளை மறக்கமாட்டியள்" என்றா மச்சாள். எல்லோரும் சிரித்தோம். அந்த வருடங்களில் நாங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டோமா, இவ்வளவு சந்தோசமாயும் இருந்தோமா?

பிறகு அண்ணை என்னைப் பார்க்காமலே, "கழுவிற விதத்தைக் காட்டு."

டிசம்பர் 20, வெள்ளி

வெள்ளத்துக்குப் பிறகு கொடுத்த தண்ணீரின் சோதனை முடிவு வந்தது. வீட்டுக்கிணற்றிலும் மருந்து இருக்கிறது. குடிக்கக்கூடாது. நாளை முதல் பவுசர் வண்டியில் வரும் தண்ணீர்.

அண்ணை சேர்ட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்கினார். நானும் வாறன் என்றேன். "நீ வேண்டாம்." ஒவ்வொரு வீடாக அவர் நிற்பது தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சுபாஜினியிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

"தங்கச்சி, எங்கடை கிணத்துத் தண்ணியை இனிக் குடியாதேங்கோ. போத்தல் போட்டது நான்தான்."

கலியாணம் முடித்து வந்த நாள்முதல் எங்கள் தண்ணீரில் உலை வைத்தவள். படலையைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை, மெதுவாக. அதைத்தான் தாங்க முடியவில்லை.

பின்னேரம் கிணற்றடியில் ஒரு குடமும் இல்லை. எத்தனை கதை, எத்தனை சிரிப்பு அந்த இடத்தில்.

2025 ஜனவரி 12

பவுசர்த் தண்ணீரில் தேத்தண்ணி. மச்சாள் குடிக்காமல் வைத்துவிட்டா.

பெப்ரவரி 9, ஞாயிறு

ஞாயிறுகளில் அண்ணை லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஒழுங்கைப் போத்தல்களைச் சேர்க்கிறார், திங்களன்று கொட்டிலில் இறக்க. இன்று நானும் பின்னால் ஏறினேன்.

சுபாஜினி சாக்கைப் படலைக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள், முகம் காட்டமாட்டாள். இன்று சாக்கோடு நின்றாள். அண்ணை ஒரு போத்தலை எடுத்து வெயிலுக்குப் பிடித்தார்.

"வடிவாக் கழுவியிருக்கிறியள்."

அவள் சாக்கின் வாயைக் கட்டித் தந்தாள். நாங்கள் திரும்பும்போதுதான் கேட்டாள்,

"தண்ணியைத் திருப்பி எப்ப சோதிப்பினம், அண்ணை?"

"வாற மாரி முடிய."

"எனக்கும் சொல்லுங்கோ."

"ஓம்" என்றார். லாண்ட்மாஸ்டரை ஸ்ராட் பண்ணக் கயிற்றை இழுத்தபோது அவருக்குக் கை வழுக்கியது. இரண்டாம்தரம்தான் பிடித்தது.