மெயின் பெட்டியைத் தொட்ட உங்கள் மகள்

என்னங்க,

உயிரோடு இருந்தவரை உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இனிமேலா கூப்பிடப்போகிறேன்? அன்போடுதான் எழுதுகிறேன். ஆனால் பயங்கரக் கோபத்தில் இருக்கிறேன்.

நாளைக்கு உங்கள் திதி. சரியாக அதற்கு முந்தின நாள் பார்த்து அடித்ததே ஒரு மழை! தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் நம் சந்தில் கால்வாய் பொங்கி, விடிகாலையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நான்கு வருடத்துக்கு முன்னால், நீங்கள் போன அன்று வந்த அதே அளவு. பத்து மணிக்குள் வடிந்துவிட்டது. சேறும் நாற்றமும்தான் போவேனா என்கின்றன.

இந்தத் தடவை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். பூட்ஸ், கையுறை போட்டுக்கொண்டேன். ஜன்னல்களைத் திறந்தேன். ஊறிப்போன மெத்தையை வெளியே தள்ளினேன். அரிசி மூட்டையைத் தூக்கப் போனால் உங்கள் தம்பி குமார் குறுக்கே நிற்கிறார்.

"மேல காஞ்சுதானே இருக்கு அண்ணி? களைஞ்சு வடிச்சா ஒண்ணும் ஆகாது லா."

கக்கூஸ் தண்ணீரும் கலந்து வந்த வெள்ளம், அதில் நனைந்ததை வடித்துச் சாப்பிடுவாராம்! பிளீச்சோடு பாத்ரூம் ஆசிட்டையும் ஊற்றினால் தரை பளிச்சென்று ஆகுமாம். மூச்சு முட்டிச் சாகவா என்று கத்தி வாளியைப் பிடுங்கினேன். இந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் என் பேச்சைக் கேட்டிருக்கிறீர்களா?

அது போகட்டும். உங்கள் மகள் செய்ததைக் கேளுங்கள்.

உங்களுக்குப் படைக்கவென்று கயல் ஐந்து கிலோ ஆட்டுக்கறி வாங்கி ஃபிரீசரில் வைத்திருந்தாள். தண்ணீர் ஏறும்போதே கரண்ட் போய்விட்டது. எலக்ட்ரீஷியன் நாளை மறுநாள்தான் வருவார், அதுவரை யாரும் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன். திரும்பி வந்தால், ஈர நாற்காலியில் வெறுங்காலோடு ஏறி நின்று மெயின் பெட்டி மூடியைக் கழற்றுகிறாள். கையில் உங்கள் ஸ்குரூடிரைவர்.

"கறி கெட்டுப் போயிடும்மா. அப்பாவும் இப்படித்தானே டைரக்டா கனெக்‌ஷன் குடுத்தாரு? நமக்காக உயிரையே விட்டவரும்மா."

"அண்ணன் தைரியம் யாருக்கு அண்ணி வரும்?" என்று குமார் வேறு.

இந்தத் தைரியக் கதை உங்கள் சாவு வீட்டில் அவர் சொன்னது. அழுதுகொண்டிருந்த பிள்ளை அதைக் கேட்டுக் கொஞ்சம் தேறினாள். அதனால் நானும் தலையாட்டிவைத்தேன். நான்கு வருடமாகத் தலையாட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"இறங்குடி கீழ!" நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். "உங்கப்பா யாரையும் காப்பாத்தலடி. ஃபிரீசர்ல நாலு கிலோ மீன் இருந்துச்சு. வீணாப் போகுதேன்னு ஈரத்துல நின்னுக்கிட்டு, திரும்பத் திரும்ப ட்ரிப் ஆன சுவிட்சைத் தாண்டி நேரா வயர் போட்டாரு. வேணாங்கன்னு சொன்னேன். ஷிப்யார்டுல இருபது வருஷம் வயர் இழுத்தவனுக்கு நீ சொல்லித்தர்றியான்னு அதட்டுனாரு. நான் வாயை மூடிக்கிட்டேன். ஷாக் அடிச்சு, மீனுக்காகச் செத்தாருடி!"

கயல் இறங்கினாள். ஸ்குரூடிரைவரை என் கையில் கொடுத்தாள்.

"ஏம்மா இத்தனை நாள் சொல்லல?"

இதற்கு நீங்களாவது சொல்லுங்களேன். குமார் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். கறியைக் கயலே பையில் கட்டிக் குப்பையில் போட்டாள்.

அதனால் நாளை இலையில் ஆட்டுக்கறி கிடையாது. தேக்காவில் வாங்கும் இட்லியும் வடையும்தான். கோபம் வந்தால் வரட்டும், என் கோபத்தில் பாதிகூட இருக்காது.

ஒன்று மட்டும் சத்தியம். இனி வருடா வருடம் உங்கள் படத்துக்கு முன்னால் அந்த மீன் கதையை நடந்தபடியே நான்தான் சொல்வேன். நம் மகள் உயிரோடு உட்கார்ந்து அதைக் கேட்பாள்.

இப்படிக்கு,
அன்று உங்களைத் திருப்பி அதட்டாமல் விட்ட
உங்கள் மனைவி