இரும்புக் கதவு

வியாழன், ஆடி மாதம், 2006

முன்பு வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் நான் தினமும் ஆடிய, எழுத்தாலேயே ஆடும் குகை விளையாட்டை, மகளின் கம்ப்யூட்டரில் எமுலேட்டர் (பழைய கம்ப்யூட்டர் மாதிரியே இயங்கும் மென்பொருள்) போட்டு ஓட்டினேன். திரையில் கடைசி வரி மட்டும் வெட்டுப்பட்டது. கட்டளை தட்டுவதே அந்த வரியில்தான். எழுத்தைச் சிறிதாக்கியும் பலனில்லை.

அடுப்படியிலிருந்து என் மனைவி செல்வி வந்தாள். "செத்த நகருங்க" என்று உட்கார்ந்து, தட்டுவது கண்ணுக்குத் தெரியாமலேயே மளமளவென்று தட்டினாள். இத்தனை வருஷமாக நான் முட்டிக்கொண்டிருந்த, குகையின் இரும்புக் கதவு திறந்துவிட்டது.

"உனக்கெப்படித் தெரியும்?"

"அப்பல்லாம் நீங்க மில் பஸ் ஏறுனதும் நான் உக்காந்துருவேன். அப்பவே முடிச்சாச்சு."

"ஒரு வார்த்தை சொல்லலையே?"

"தெனமும் அம்புட்டு ஆசையா வந்து உக்காருவீங்க. எப்படிச் சொல்ல?"

அப்புறம் செட்டிங்கில் வரிகளைக் குறைத்ததும் திரை சரியாகிவிட்டது. ஆனால் ஆட மனம் வரவில்லை.

அவள் தூங்கிவிட்டாள். நான்தான் புரண்டுகொண்டிருக்கிறேன். மில்லில் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. இந்த வாரம் முழுக்க மில்லுக்குப் போவதுபோல் கிளம்பி, பகலிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். ஏன் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.