நான் வெட்டிய வரி

3 மார்ச் 2024, சிதம்பரம்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வைத்திலிங்கம் போன். அவர் நடத்தும் சிற்றிதழுக்கு, பண்ருட்டிக்காரர் ஒருவரின் முதல் சிறுகதைத் தொகுப்பை நான் பிரித்து மேய வேண்டுமாம். "நீங்க திட்டுனா இதழ் ஜாஸ்தி போவுது மேடம்." பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

9 மார்ச்

மூன்று முறை படித்தேன். திட்டுவதற்கென்று படிப்பவள் ரசிகையைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும். அடைமொழி கூடாது, கோபம் தெரியக் கூடாது. அவர் வரியையே எடுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும்.

கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கும் மனைவி கணவனிடம் கடைசியாகச் சொல்கிறாள்: "சிலிண்டர் புக் பண்ணிடுங்க." கீழே ஒரே வரி எழுதினேன்: 'இவருக்குச் சாவும் தெரியாது, பெண்ணும் தெரியாது.'

என் வீட்டுக்காரர் படித்துவிட்டுச் சிரித்தார். "பாவம்டி அந்த ஆளு" என்றும் சொன்னார்.

2 ஏப்ரல்

இதழ் வந்தது. ஏழு பேர் கூப்பிட்டுப் பாராட்டினார்கள்.

21 ஏப்ரல்

கடலூரில் கூட்டம். அந்த எழுத்தாளர், திருநாவுக்கரசு, வந்திருந்தார். முந்திரி மண்டியில் வேலையாம். அவரே எனக்கு டீ எடுத்து வந்தார்.

"மத்ததெல்லாம் சரியாத்தான் எழுதிருக்கீங்க மேடம். அந்த சிலிண்டர் மட்டும்... ரேகா அப்படித்தான் சொன்னா. என் வீட்டுக்காரி." அப்புறம், கோபமே இல்லாமல், "இனிமே எழுதப் போறதில்ல" என்றார்.

டீயை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

22 ஏப்ரல்

புத்தகத்தில் முழுதாக இருக்கிறது: "சிலிண்டர் புக் பண்ணிடுங்க. இனிமே நீங்கதான சோறாக்கணும்."

நான்தான் பாதியில் வெட்டினேன். முழுதாகப் போட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று தெரிந்தே வெட்டினேன். சீ, என்ன பொம்பள நான்? பன்னிரண்டு வருஷமாக இப்படி எத்தனை வரிகளை வெட்டினேனோ —

28 ஏப்ரல்

அடுத்த இதழுக்கு என்னைத் தாக்கி நானே எழுதினேன். அதே முறைதான். என் வரி, கீழே ரேகாவின் முழு வரி. வேறொன்றும் இல்லை. "உங்க பேரு கெட்டுடும் மேடம்" என்றார் வைத்திலிங்கம். கெடட்டும்.

1 ஜூன்

இதழ் வந்து மூன்று நாள். திருநாவுக்கரசு பேசவில்லை.

9 ஜூன்

இன்று கூப்பிட்டார். நன்றியெல்லாம் சொல்லவில்லை.

"மத்த கதைங்களப் பத்தி எழுதுனதையும் வாபஸ் வாங்கிட்டீங்களா மேடம்?"

"இல்லீங்க. அதெல்லாம் மோசந்தான்."

பின்னால் லாரிச் சத்தம்.

"அப்பச் சரி. மூணாவது கதை எந்தப் பக்கத்துலேர்ந்து கெட்டுப்போவுதுன்னு சொல்லுங்க. கையில பேனா வச்சிருக்கேன்."