திறக்காத வாய்

இன்று காலை ஒரு தாய் கைக்குழந்தையோடு, ஆஸ்பத்திரியில் நான் பல் பார்க்கும் அறைக்கு வந்தாள். பிள்ளை பால் குடிக்க மறுக்கிறதாம். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியது போல வெள்ளை படர்ந்திருந்தது. பால்குடிப் பிள்ளைகளுக்கு இது வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஊதா மருந்துப் போத்தலைத் திறந்தேன். அதன் ஸ்பிரிட் மணம் மூக்கில் ஏறியதும் என் கை நின்றுவிட்டது. "என்ன மிஸி, கூடாத வருத்தமோ?" என்று அந்தத் தாய் கேட்டாள். இல்லை என்றேன். பஞ்சைத் தோய்த்துப் பிள்ளையின் வாயில் தடவி அனுப்பினேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ கண்மூடி இரண்டு வருடமாகிறது. உன் புருஷனுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி போன கிழமை முடிந்தது. எனக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் போகவில்லை. அன்று அப்பாவிடம் சொல்லி நல்ல விளைமீன் வாங்குவித்து, உறைப்பாகக் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன்.

யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே வெளியேறியபோது நாங்களும் வெளியேறினோம். கிளிநொச்சியிலும் இருக்க முடியாமல் அப்பாவும் நானும் உடையார்கட்டுக்கு வந்தபோது யார் வளவிலும் இடமிருக்கவில்லை. நீ படலையைத் திறந்து எங்களைக் கூப்பிட்டாய். "அந்தப் பாலை மரத்துக்கு அங்கிட்டு உங்களுக்கு, இங்கிட்டு எங்களுக்கு. கெணறு ரெண்டு பேருக்கும்" என்றாய். மிஸி என்று நீ கூப்பிட்டது நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பல் பார்ப்பவள் என்பது தெரிந்த பிறகுதான். அதற்கு முன்பே இடம் தந்துவிட்டாய்.

உன் தாய் தகப்பன் கலவரத்துக்குத் தப்பி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, இரணைமடு வாய்க்கால் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். உன் புருஷனுடைய ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வயல் காணிக்காக வந்தவர்கள். அவன் உன்னை விரும்பித்தான் கட்டினான். அவனுடைய தாய் அதை ஒருநாளும் பொறுக்கவில்லை. மகள் தவழத் தொடங்கிய நேரம் அவன் வெளிநாடு போகப் புறப்பட்டு, ஏஜென்சிக்காரன் ஏதோ ஒரு நாட்டில் இறக்கிவிட்டுக் கைவிட, இரண்டு வருடம் அங்கே அலைந்து திரும்பி வந்தவன். அந்த இரண்டு வருடமும் நீ வயலிலும் அடுப்படியிலும் கிடந்தாய். இதையெல்லாம் நீயே கிணற்றடியில் துணி தோய்த்தபடி எனக்குச் சொன்னாய், சிரித்துச் சிரித்து. அப்போது அதில் அழுவதற்கு எதுவும் இருப்பதாக இரண்டு பேருக்கும் தெரியாது.

ஒருநாள் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து தந்துவிட்டு, "எனக்கு உறைப்பு படவே மாட்டேங்குது மிஸி, வாயெல்லாம் எரியுது" என்றாய். வெளிச்சத்துக்கு இருத்தி வாயைப் பார்த்தேன். அண்ணத்தில் வெள்ளைத் திட்டுகள். துடைத்தால் உரிந்து, அடியில் சிவந்த தோல் தெரிந்தது. அது பூஞ்சணம். ஆனால் நாக்கின் இரு கரையிலும் வேறொரு வெள்ளை இருந்தது. வரிவரியாக, நார்நாராக, எவ்வளவு துடைத்தும் போகாதது. கடைவாய் இரண்டும் வெடித்திருந்தன.

பயிற்சிக் காலத்தில் ஒரு விரிவுரையாளர் சுவரில் படங்கள் போட்டுக் காட்டியிருந்தார். சீனி வருத்தமில்லாத, பொய்ப்பல் கட்டாத ஒரு வளர்ந்த ஆளின் வாயில் இந்த வெள்ளைகளைக் கண்டால் இரத்தம் பார்க்க அனுப்புங்கள், எச்.ஐ.வி. பல இடத்தில் வாயில்தான் முதலில் தன்னைக் காட்டும் என்றார். படத்தில் இருந்தவை எந்த ஊர் வாய்களோ. நான் குறிப்பெடுத்தேனே தவிர, அதை எங்கள் மண்ணில் காண்பேன் என்று நினைக்கவில்லை.

உனக்கு ஊதா மருந்து தடவினேன். குறைந்தது. திரும்ப வந்தது. இன்னும் தடவினேன். இன்னும் வந்தது. நீ மெலிந்துகொண்டே போனாய். கடைசியில் ஆஸ்பத்திரி டொக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் உன் இரத்தத்தை எடுத்து, வவுனியாவுக்குப் போன அம்புலன்ஸில் கொடுத்து, அங்கிருந்து கொழும்புக்கு அனுப்புவித்தார். மறுமொழி வரக் கனகாலம் எடுத்தது. வந்தபோது டொக்டர் உன்னையும் அவனையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். உனக்காக நானும் நின்றேன். நீ ஒரேயொரு கேள்விதான் கேட்டாய். "நான் எங்கயும் போகலையே டொக்டர். இந்த ஊரைத் தாண்டி நான் எங்க போனேன்?"

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்களும் இரத்தம் குடுக்க வேணும்" என்று டொக்டர் சொன்னார். "நாளைக்கு வாறன்" என்றான். வரவேயில்லை.

வந்ததெல்லாம் அவன் கட்டிவிட்ட கதைதான். அவன் இல்லாத இரண்டு வருடத்தில் நீ யாரோடோ இருந்தாயாம், அதன் பலனாம். நிவாரணம் கொடுக்கும் சங்கக்கடை வரிசையில் அவனுடைய தாய் நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொன்னா: "தோட்டத்தில இருந்து வந்ததுகளுக்கு மானம் ரோசம் ஆர் பழக்கினது? என்ர பிள்ளையின்ர வாழ்க்கையை நாசமாக்கிப் போட்டாள்." நான் அதே வரிசையில் நின்றேன். அவவின் முகத்தை அப்படியே மனதில் பதித்துக்கொண்டேன்.

உன்னை வயல் கரைக் கொட்டிலில் விட்டார்கள். நீ சாப்பிட்ட கோப்பையை உடைத்தார்கள். மகளை உன்னிடம் வர விடவில்லை. ஒன்றாய் இருந்து சாப்பிட்டால், தொட்டால், தூக்கினால் இது ஒட்டாது என்று நான் போய்ச் சொன்னேன், டொக்டரும் வந்து சொன்னார். "நீங்கள் படிச்ச ஆக்கள், உங்களுக்கென்ன" என்று அவன் படலையைச் சாத்தினான். பிறகு நான்தான் அந்தக் கொட்டிலுக்குக் கஞ்சி கொண்டு வந்தேன். விழுங்க முடியாமல் நீ கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டே இருப்பாய். வயலுக்கு அந்தப் பக்கம் மகள் விளையாடும் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் தூக்குவாய். மழை தொடங்கிய மாதத்தில் நீ போனாய். கொள்ளி வைக்க அவன் வந்தான். தலையில் கை வைத்து அழுதும் காட்டினான்.

வருத்தம் வந்ததற்காக அவனை நான் வெறுக்கவில்லை. அதை நீ நம்பவேண்டும். தெரியாமல் கொண்டு வந்திருப்பான், தெரியாமல் தந்திருப்பான். தெரிந்த பிறகு அவன் செய்ததுதான் எனக்குக் கணக்கு.

அடுத்த வருடம் அவன் பல்லுக் கொதி என்று என் அறைக்கு வந்தான். வேறு வழியில்லாமல் வந்திருப்பான். வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கின் கரைகளில் உன்னுடைய அதே வெள்ளை வரிகள். அண்ணத்தில் நாவற்பழம் தின்ற கறை போல ஒரு ஊதாத் திட்டு. அதுவும் அந்தச் சுவரில் கண்ட படங்களில் ஒன்றுதான். முகம் பார்க்கும் கண்ணாடியை அவன் கையில் கொடுத்து, "வடிவாப் பாருங்கோ. உங்கட மனிசிக்கு இருந்தது இதுதான்" என்றேன்.

கனநேரம் பார்த்தான். பிறகு கண்ணாடியைத் திருப்பித் தந்தான். "பல்லைப் பிடுங்கி விடுங்கோ மிஸி, போதும்."

"உங்களுக்குக் கலியாணம் பேசினமாம். நிப்பாட்டுங்கோ. டொக்டரிட்டப் போய் இரத்தம் குடுங்கோ."

"அவள் கொண்டு வந்ததை என்ர தலையில கட்டப் பாக்கிறியள்" என்றான். வாசலில் நின்று திரும்பி, "ஆஸ்பத்திரிக் கதையை நீங்கள் வெளியில சொல்லேலாது. எனக்கும் சட்டம் தெரியும்" என்றான்.

டொக்டரிடம் சொன்னேன். அவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார், தானே தேடியும் போனார். அவன் ஒளித்துக்கொண்டான். பொம்பிளை வீட்டார் முல்லைத்தீவுப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம். பெண்ணுக்கு வயது இருபதும் இருக்காது. நிச்சயம் பண்ணும் நாளில் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன்.

அந்தப் பிள்ளையைக் காப்பாற்றப் போனேன் என்று பிறகு பலர் சொன்னார்கள். உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். அவள் முகம் கூட எனக்கு அன்றுவரை தெரியாது. சங்கக்கடை வரிசையில் உன்னைக் கிழித்தது போல அவனைச் சபையில் கிழிக்கவேண்டும் என்றுதான் போனேன்.

பாயில் வெற்றிலைத் தட்டுகள் வைத்திருந்தார்கள். அவன் புது வேட்டியோடு இருந்தான், பக்கத்தில் தாய். பொம்பிளையின் தகப்பன் எழும்பி, "வாங்கோ மிஸி, இருங்கோ" என்று கதிரை போட்டார். நான் இருக்கவில்லை.

"ஐயா, நான் ஒரு வருத்தத்தின்ர பேரும் சொல்ல வரேல்லை" என்றேன். "மாப்பிளையை ஒருக்கா வாயைத் திறந்து உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கோ. காட்டினால் நான் மன்னிப்புக் கேட்டுப்போட்டுப் போறன்."

தாய் பாய்ந்து எழும்பினா. "இவள் அவளின்ர கூட்டாளி. பொறாமையில வந்து நிக்கிறாள்."

"பொறாமை எண்டால் நல்லம் தானே. திறந்து காட்டட்டும்."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பொம்பிளையின் தகப்பன் மெதுவாகத்தான் கேட்டார்: "தம்பி, காட்டிவிடுமன். மிஸி போகட்டும்." அவன் இரண்டு கையையும் மடியில் வைத்தபடி இருந்தான். பற்களைக் கடித்ததில் அவனுடைய தாடை துடித்தது தெரிந்தது. உன்னைப் பற்றி ஊரெல்லாம் பேசிய வாய் அது. அன்று அது திறக்கவேயில்லை. கொஞ்ச நேரத்தில் தகப்பன் வெற்றிலைத் தட்டைக் குனிந்து எடுத்து உள்ளே கொண்டுபோனார். நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். சைக்கிளில் வரும்போது எனக்கு எவ்வளவு பசித்தது தெரியுமா. கனகாலத்துக்குப் பிறகு வந்த பசி.

டொக்டர் என்னைக் கூப்பிட்டுக் கதைத்தார். "நீங்கள் செய்தது எனக்கு விளங்குது. ஆனால் இனி ஆர் எங்களை நம்பி வாயைத் திறப்பினம்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் திரும்ப அந்த நாள் வந்தாலும் சைக்கிளை எடுப்பேன்.

பிறகு அவனுக்கு எல்லாம் விரைவாக நடந்தது. வயலுக்குப் போவது நின்றது, சோறு இறங்குவது நின்றது. ஒருநாள் அவனுடைய தாய் என் வாசலில் வந்து நின்றா. "பிள்ளைக்கு ஒண்டும் விழுங்கேலாமல் கிடக்கு. அந்த ஊதா மருந்து…"

"தாறன். முதல்ல பேத்தியைக் கொண்டுபோய் இரணைமடுவில அவளின்ர அம்மம்மாட்ட விடுங்கோ. விடேக்க, 'உங்கட மகளில ஒரு பிழையும் இல்லை' எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ. நானும் வாறன், கேக்க."

அடுத்த நாளே வந்தா. உன் அம்மாவின் வாசலில் நின்று அந்த வசனத்தைச் சொன்னா. குரல் போதாது என்று இரண்டாம் முறையும் சொல்ல வைத்தேன். உன் அம்மா அதைக் கேட்டாவோ தெரியாது. பேத்தியைக் கட்டிப் பிடித்தபடி இருந்தா.

அந்த ஒரு நாள் காக்க வைத்தேனே தவிர, மருந்தை நான் ஒருநாளும் மறுக்கவில்லை. கடைசிவரை நானே போய் அவன் வாயில் தடவினேன். வேலை சுத்தமாகத்தான் செய்தேன், நோகாமல். ஆனால் ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை. ஒரு பின்னேரம் அவன் என் கையைப் பிடித்தான். சத்தம் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. "அவள்… என்னைப் பற்றி… ஏதும் சொன்னவளோ?"

நீ சொல்லியிருந்தாய். கொட்டிலில், கடைசிக் கிழமையில், என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "அவருக்கும் வாய் இப்படி எரியும் அக்கா. கேக்க வெக்கப்படுவார். நீங்களாப் பாத்து மருந்து குடுங்க. எனக்குக் கோவம் இல்லைன்னு சொல்லுங்க." அன்றுதான் நீ என்னை முதன்முதலாக அக்கா என்று கூப்பிட்டாய்.

அவன் கண்கள் என் முகத்தில் அதைத்தான் தேடின. அதைக் கேட்டால் நிம்மதியாகப் போயிருப்பான்.

"இல்லை" என்றேன். "ஒண்டும் சொல்லேல்லை."

கையை விட்டான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் எதுவும் கேட்டதாக எனக்குத் தெரியாது.

மருந்து கொடுக்கச் சொன்னாய், கொடுத்துவிட்டேன். மற்றதை நான் கொடுக்கவில்லை. நீ கோபப்படுவாய் என்று தெரியும். உனக்கு அவன்மேல் வராத கோபம் என்மேல் வந்தாலும் பரவாயில்லை. நீ அவனுக்கென்று தந்த அந்த ஒரு வசனம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.