பன்னிரண்டாவது வேட்டு

6.2.1978, திங்கள்

சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் புது வெடி மேஸ்திரி வேண்டும். இருக்கிற இரண்டு பேரில் ஒருவரை நான் எழுதிக் கொடுக்கணுமாம். "ஆளப் பாத்தே எடை போட்டுடுவீங்களே, சூப்பர்வைசர் சார்" என்றார் மேனேஜர். பாராட்டா, கிண்டலா? அரியலூருக்கு பஸ் ஏறும்வரை யோசித்தும் பிடிபடவில்லை.

7.2.1978

இருவரிடமும் ஒரே கேள்வி. வைத்த வேட்டுகளில் ஒன்று வெடிக்காமல் நின்றுவிட்டால் என்ன செய்வாய்?

ராசாங்கம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். "நம்ம கையில வேட்டு நிக்காது சார்." என் கண்ணைப் பார்த்தே சொன்னான்.

இளையபெருமாள் தரையைப் பார்த்தபடி நின்றான். "நிக்கும் சார். அதுக்குத்தான் சத்தத்த எண்ணணும். ஒண்ணு கொறஞ்சாலும் அரை மணி நேரம் யாரையும் எறங்க விடமாட்டேன். அப்புறமும் போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

பார்த்தால்தான் தெரியும் என்று இழுக்கிறவனை நம்பி நாற்பது பேரை எப்படிப் பள்ளத்தில் இறக்குவது? ராசாங்கம் பெயரை எழுதினேன். 'தன்னம்பிக்கை மிக்கவர்' என்று அடிக்கோடு வேறு.

15.2.1978

வேலை பறக்கிறது. ராசாங்கம் பேசினால் எனக்கே முதுகு நிமிர்கிறது. நான் வாயைத் திறந்தால் தொண்டையைச் செருமவே பாதி நேரம் போய்விடும்.

இன்று வெடித்த கையோடு எல்லோரையும் இறங்கச் சொன்னதும் கல் சுமக்கும் ஆண்டாயி, "அரை மணி நேரம் பொறுக்க வேணாமா அண்ணே?" என்று கேட்டாள். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்றான் ராசாங்கம். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

3.3.1978

நடந்ததை நடந்தபடி இன்றே எழுதிவிட வேண்டும்.

பன்னிரண்டு குழி. திரியைப் பற்றவைத்துவிட்டு எல்லோரும் மேலே வந்து நின்றோம். நானும் எண்ணினேன். பதினொன்று.

"பதினொண்ணுதான் கேட்ட மாதிரி இருக்கு. பொறுங்க" என்றான் இளையபெருமாள்.

"ரெண்டு சேந்து வெடிச்சது உன் காதுல விழலியா? எறங்குங்க எல்லாரும்!" ராசாங்கத்தின் குரலில் ஒரு பிசிறு இல்லை. எனக்கு என் காது மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"நான் எறங்க மாட்டேன்" என்று இளையபெருமாள் அப்படியே நின்றான். பயந்தாங்கொள்ளி என்றார்கள். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. என்னைப் பார்த்தான். சார் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று.

சொல்லியிருக்கணும். சொல்லியிருக்கணும்டா, பாவி. வாய் எங்கடா போச்சு?

ஆண்டாயிதான் முதலில் இறங்கினாள். அவள் பள்ளத்தின் அடியை எட்டும்போது பன்னிரண்டாவதும் வெடித்தது.

4.3.1978

தூக்கமில்லை.

9.3.1978

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். உத்தரவுக்கு முன்னால் ஆண்டாயி தானாகவே இறங்கிவிட்டாள் என்று சொல்ல வேண்டுமாம். "ராசாங்கத்த எழுதிக் குடுத்தது யாரு? நீங்கதானே?" என்றார். என் வேலையும் போகும் என்பதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரியும்.

14.3.1978

ஆண்டாயி சாவு பற்றிய விசாரணை.

விசாரணை அதிகாரி முதலில் ராசாங்கத்தைக் கேட்டார். வியர்த்துக் கொட்டியது. "சார் சொல்லுவாருங்க, சார் சொல்லுவாருங்க" என்று என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். இந்த ஆளைத்தானா அண்ணாந்து பார்த்தேன்?

இளையபெருமாள் அன்றைக்குப் போலவே தரையைப் பார்த்துத்தான் பேசினான். "பதினொண்ணுன்னு நெனைக்கிறேன். அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. ஆனா எறங்கச் சொன்னது ராசாங்கம். அது நிச்சயம்." அதிகாரி முகத்தைச் சுளித்தார். "நெனைக்கிறேன்னா எப்படிய்யா எழுதறது?" மேனேஜர் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். அவன் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. ஆளை எடை போட எனக்குத் தெரியவே தெரியாது.

பிறகு என் முறை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். அதிகாரியின் கண்ணைப் பார்த்தேன். "யாரும் உத்தரவு குடுக்கல சார். அந்தப் பொம்பளதான் தானா எறங்கினா." தொண்டையைச் செருமக்கூட இல்லை.

"இப்படித் தெளிவா பேசணும்" என்றார் அதிகாரி.

22.3.1978

இளையபெருமாளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

சாயந்திரம் ஆண்டாயியின் புருஷன் அரியமுத்து வந்தான். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க சார். நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்களே, அதான் மனசு ஒத்துக்கிச்சு. அவ மேலதான் தப்பு. அவளுக்கு எதுலயும் அவசரந்தான், இல்லீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.