எண்ணிக்கையில் வராத பாஸ்

ஜூன் 3, செவ்வாய்

ஸ்டேஷன் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். கோணலாக. என் வீட்டுக்காரர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவரை இங்கே ஒரு காகிதம் கோணலாக இருந்ததில்லை.

லைனை மூடுவதா என்று முடிவெடுக்க, ஒன்பதாம் தேதியிலிருந்து இரண்டு வாரம் பயணிகளை எண்ணப் போகிறார்களாம். லைன் தப்பினாலும், அந்த இரண்டு வாரத்தில் இருநூறு பேருக்குக் குறைவாக ஏறும் ஸ்டேஷனில் இனி வண்டி நிற்காது.

நிற்காவிட்டால் தங்கையை எப்படிப் பார்ப்பது? பஸ் கிடையாது. பக்கவாதத்தில் அவள் பேச்சு நின்று மூன்று வருடமாகிறது. சேர்த்திருக்கும் முதியோர் இல்லத்தில் அவளுக்குத் தெரிந்த கிழமை ஒன்றே ஒன்று: நான் போய்த் தலை பின்னிவிடும் வியாழன்.

ஜூன் 12, வியாழன்

டிக்கெட் கிளார்க் தணிந்த குரலில் கூப்பிட்டார். "மாஸ்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. பாஸ்ல போறவங்க கணக்குல வரமாட்டாங்க. வித்த டிக்கெட்டத்தான் எண்ணுறாங்க. ரெண்டு வியாழக்கிழமை மட்டும் ஒரு டிக்கெட் எடுத்துடுங்களேன்."

"அப்போ நான் யாரு? மூட்டையா?"

"ஐயோ, யாரும்மா அப்படிச் சொன்னது?"

"வெளிய ஒட்டியிருக்கே, அது சொல்லுது."

முப்பத்தாறு வருடம் அவர் உழைத்ததற்கு எனக்கு வந்த இலவசப் பாஸ் இது. இதை ஒளித்துவிட்டு ஜன்னலில் கை நீட்டுவதா? கணக்கைச் சரிக்கட்டப் பொய் எழுதாதே என்று கான்வென்டில் மதர் பிரம்போடு சொல்லிக்கொடுத்தார். பாஸ் இருப்பவள் டிக்கெட் வாங்குவதும் அந்த வகைப் பொய்தான்.

வியாழச் சந்தைக்குப் போகும் நான்கு பெண்கள் பின்னால் நின்றார்கள். கேட் கீப்பர் மனைவி, தண்டவாளம் பார்த்த கேங்மேன்களின் மனைவிகள் மூவர். எல்லோரும் என்னைப் போலக் கணவனை இழந்து பாஸ் பெற்றவர்கள். பர்ஸைத் திறந்தபடி என் முகத்தையே பார்த்தார்கள். நான் பாஸை நீட்டினேன். நால்வரும் பர்ஸை மூடினார்கள்.

ஜூன் 19, வியாழன்

இன்றும் பாஸ்தான். ஐவரும்.

ஜூலை 15, செவ்வாய்

லைன் பிழைத்தது. மற்ற ஸ்டேஷன்களில் கூட்டம் போதுமான அளவு இருந்ததாம். கிளார்க் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது மட்டும் வேறெங்கோ பார்த்தார்.

நம் ஸ்டேஷனில் ஏறியவர்கள் நூற்றுத் தொண்ணூற்று மூன்று. ஆகஸ்ட் முதல் வண்டி நிற்காது.

ஏழு பேர் குறைவு. ஐந்து பேர், இரண்டு வியாழன் — பத்து.

திரும்பக் கூட்டிப் பார்த்தேன். பத்துதான்.

ஜூலை 17, வியாழன்

கேட் கீப்பர் மனைவி ரயிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "விடுங்கம்மா. நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு நாங்களும் இருந்துட்டோம்."

திட்டியிருக்கலாமே. ஏன் திட்டவில்லை? நான் ஏன் அப்படிப் பண்ணினேன்? அவருக்காகவா? அவர் இருந்திருந்தால் முதல் ஆளாக வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியிருப்பார். தெரியும். அன்றைக்கே தெரியும் எனக்கு.

ஜூலை 31, வியாழன்

தங்கையிடம் சொல்லவில்லை. பின்னலை மட்டும் இறுக்கிப் போட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வண்டி வேகத்தைக் குறைக்காமலே போயிற்று. இந்த முழங்கால் வீக்கத்தோடு நடக்க முடியாது. அடுத்த ஸ்டேஷன் நான்கு மைல். யாரிடமாவது உதவி கேட்கலாம். கேட்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

கேட் கீப்பர் மனைவியிடம் ஆட்டோவுக்குச் சொல்லச் சொன்னேன்.

அடுத்த ஸ்டேஷனில் நம் கிளார்க்தான் ஜன்னலுக்குள் இருந்தார். இங்கே மாற்றிவிட்டார்களாம். ஒரு டிக்கெட் கேட்டேன்.

"பாஸ மறந்துட்டீங்களாம்மா?"

"ஆமா."

பாஸ் பைக்குள்தான் இருந்தது.

இல்லத்தில் தங்கையின் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஆயா என்னைப் பார்த்ததும் முந்திக்கொண்டாள். "ஆறு வாரமா யாரும் வரலம்மா. ஒரே சிக்கு. இருக்கிற வேலையில எங்களுக்கு எங்க நேரம், சொல்லுங்க?"

ரிப்பனை வெளியே எடுத்துவிட்டு, திரும்பப் பைக்குள் வைத்தேன். நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றதும் அவள் எப்போதும்போல முதுகை நிமிர்த்தி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துக் கொடுத்தாள்.

சீப்பை எடுத்து வாரினேன். வண்டிக்கு நேரமாகும்வரை வாரிக்கொண்டிருந்தேன்.