பட்டறைக்கு நடுவே சுவர்

வண்ணார்பேட்டை,
14.8.96

சௌபாக்கியவதி சுகிர்தாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகமே, புனே மழையில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்றுதான் நினைப்பு. அப்பா அனுப்பிய ஃபாரத்தில் நீ கையெழுத்துப் போடுவதற்குள் இது வந்து சேரவேண்டுமே என்று பதறிக்கொண்டு எழுதுகிறேன்.

பேட்டைப் பட்டறைக்கு நடுவே சுவர் எழுப்பி ஒரு பாதியை என் பெயரில் எழுதியது உனக்குத் தெரியும். பத்துப் பேர் ஆனால் ஃபாக்டரி சட்டம் வந்துவிடும் என்று அந்தப் பக்கம் ஒன்பது, இந்தப் பக்கம் ஒன்பது. அங்கே லேத்தில் கடைந்த சாமானை ஜன்னல் வழியாக என் கம்பெனிக்குத் தள்ளுவார்கள், இங்கே துளை போட்டுத் திரும்ப நீட்டுவார்கள். இப்போது கோயம்புத்தூர் பம்புக்காரர் பெரிய ஆர்டர் தருகிறாராம், அதற்காக அப்பா இன்னொரு சுவர் கட்டப் பார்க்கிறார், அது உன் பெயரில், அதற்குத்தான் அந்த ஃபாரம். தொழில் வளர வளரத் துண்டு போடுகிற அதிசயம் நம் வீட்டில்தான். அவரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன், பதிவு செய்தால் எத்தனை ரிஜிஸ்டர், எத்தனை மேஜை, "நான் வேலையப் பாக்கவா, ஆபீஸ் ஆபீசா அலையவா" என்று கேட்கிறார்.

ஆனால் என் பக்கத்தில் பத்தாவதாக மாரிசெல்வம் இருக்கிறான், பன்னிரண்டு வருஷமாக, எந்த ஏட்டிலும் பெயர் இல்லாமல். இன்ஸ்பெக்டர் வந்தால் பின்சுவர் ஏறிக் குதித்து டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வான். போன வியாழக்கிழமை குதித்ததில் கால் முறிந்துவிட்டது. வீட்டில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறான், நம்மைக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம். வைத்தியச் செலவை அப்பாதான் பார்க்கிறார், இல்லையென்று சொல்லவில்லை. நேற்று அவன் பெண்சாதி சுடலைவடிவு வந்தாள், முகத்தில் கோபமே இல்லை. "எங்க வீட்டு ஆளு எங்கன வேலை பாக்காருன்னு ஆஸ்பத்திரியில கேக்காவ. நான் என்ன சொல்லட்டும், முதலாளியம்மா?" என்றாள். நான் முதலாளி என்பதே அதுவரை எனக்கு நினைவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அப்புறம் ஒரு வேலை ஓடவில்லை, பாலைப் பொங்கவிட்டேன், ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டே கிடந்தேன்.

இன்று காலை பதிவு மனுவை வாங்கி நானே நிரப்பினேன். பத்தாவது பெயராக மாரிசெல்வம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டேன். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. சாயங்காலம் வந்ததும் சொல்ல வேண்டும், தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

நீ அந்த ஃபாரத்தைக் கிழித்துப் போட்டுவிடு, மறக்காதே. காந்திமதி அம்மன் உங்கள் இருவரையும் நன்றாக வைத்திருப்பாள். நனைந்த தலையோடு படுக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
பிரம்மநாயகி,
உரிமையாளர்